கற்கும் வேகமே மறக்கும் வேகம்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவின் குளத்தில் டேவிட் ஹார்ப்பர் நடத்தி 1982-இல் வெளியிட்ட ஆய்வுக்கு ரொட்டித் துண்டுகளும் கடிகாரமும் பொறுமையுமே போதுமாயிருந்தன. குளக்கரையில் தள்ளித் தள்ளி நின்ற இருவர், ஒரே எடையுள்ள ரொட்டித் துண்டுகளைத் தண்ணீரில் வீசினர். இருவரும் ஒரே வேகத்தில் வீசியபோது, அங்கிருந்த 33 வாத்துகளும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிந்து நின்றன. ஒருவர் மற்றவரைவிட இரு மடங்கு வேகத்தில் வீசியபோது, மூன்றில் இரண்டு பங்கு வாத்துகள் அவர் பக்கம் போய்விட்டன. இப்படிப் பிரிவதற்கு ஏறக்குறைய ஒரு நிமிடமே பிடித்தது. அதற்குள் பல வாத்துகளுக்கு ஒரு துண்டுகூடக் கிடைத்திருக்கவில்லை. பிறகு வீசும் வேகத்தைச் சமமாக்கிவிட்டு, ஒரு பக்கத்துத் துண்டுகளை மட்டும் இரு மடங்கு பெரிதாக்கினர். இப்போது வாத்துகள் முதலில் சரிபாதியாகவே நின்றன. சில நிமிடங்கள் கழித்துத்தான் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்குக்கு வந்து சேர்ந்தன.

வாத்துகள் கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பதை முன்கூட்டியே சொல்லும் கோட்பாடு ஒன்று 1970-இலேயே இருந்தது. ஒவ்வொரு விலங்கும் தனக்கு அதிகம் கிடைக்கும் இடத்துக்குத் தடையின்றிப் போக முடியுமானால், முடிவில் எல்லா இடத்திலும் தலைக்குக் கிடைப்பது சமமாகிவிடும் என்று ஃப்ரெட்வெல்லும் லூக்காஸும் கூறியிருந்தனர். ஆனால் அந்தச் சமநிலைக்கு ஒரு வாத்து எப்படி வந்து சேர்கிறது, அதன் தலைக்குள் என்ன கணக்கு ஓடுகிறது, வேகத்தை உடனே கண்டுகொண்ட அது அளவைக் கண்டுகொள்ள ஏன் தாமதித்தது என்ற கேள்விகளுக்கு அந்தக் கோட்பாட்டில் பதில் இல்லை. அவற்றுக்குப் பதில் தேடுவோர் கற்றலின் கணிதத்துக்குத்தான் வர வேண்டும்.

அந்தக் கணிதத்தின் மையத்தில் இருப்பது ஒரே ஒரு வரிச் சமன்பாடு. ராபர்ட் புஷ், ஃபிரெடெரிக் மாஸ்டெல்லர் ஆகிய இருவரும் 1951-இல் அதன் ஒரு வடிவத்தை முன்வைத்தனர். ராபர்ட் ரெஸ்கோர்லாவும் ஆலன் வாக்னரும் 1972-இல் அதைக் கூர்மையாக்கினர். அடைப்புக் கணக்கு தெரிந்த எவருக்கும் புரியும்படி அதை இப்படி எழுதலாம்:

புதிய மதிப்பீடு = பழைய மதிப்பீடு + ஆல்ஃபா × (கிடைத்தது − பழைய மதிப்பீடு)

அடைப்புக்குள் இருப்பது எதிர்பார்ப்புப் பிழை. எதிர்பார்த்ததே கிடைத்தால் பிழை சுழியம். அங்கே கற்பதற்கு ஒன்றுமில்லை. இது வெறும் கணித வசதிக்காகச் சேர்த்த உறுப்பன்று. 1960களின் பிற்பகுதியில் லியோன் காமின் எலிகளைக் கொண்டு நடத்திய சோதனைகள் இதற்கு அடித்தளம். ஓர் ஒலிக்குப் பின் மின்னதிர்ச்சி வரும் என்று எலி நன்றாகக் கற்ற பிறகு, அந்த ஒலியோடு ஒரு விளக்கையும் சேர்த்துக் காட்டி, அதே அதிர்ச்சியைக் கொடுத்தார். விளக்கும் அதிர்ச்சியும் பலமுறை சேர்ந்தே வந்தும், விளக்கை மட்டும் தனியாகக் காட்டியபோது எலி பெரிதாக அஞ்சவில்லை. இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து வந்தாலே மனம் அவற்றை முடிச்சுப் போட்டுவிடும் என்ற பழைய கருத்து அத்தோடு ஆட்டம் கண்டது. ஒலியே அதிர்ச்சியை முழுமையாக முன்னறிவித்துவிட்டதால் பிழை ஏதும் மிஞ்சவில்லை; பிழை இல்லாத இடத்தில் விளக்கு கற்றுக்கொடுக்க எதுவும் இல்லை. பின்னாளில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களின் துடிப்பைப் பதிவு செய்து, பீட்டர் டயான், ரீட் மாண்டேக் ஆகியோருடன் 1997-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்தப் பிழை உறுப்பின் சாயலை அந்தச் செல்களிலேயே காட்டினார். எதிர்பாராத பழச்சாறு கிடைத்தபோது துடிப்பு எகிறியது. எதிர்பார்த்த சாறு கிடைத்தபோது அசைவில்லை. எதிர்பார்த்தது வராமல் போனபோது துடிப்பு வழக்கத்தைவிடத் தாழ்ந்தது.

பிழை உறுப்பைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். என் கவனத்தைப் பிடித்து வைத்திருப்பது அதற்கு முன்னால் நிற்கும் ஆல்ஃபா. சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட இந்த எண்ணைக் கற்றல் வீதம் என்பார்கள். ஒரு தேனீயை எடுத்துக்கொள்வோம். ஒருவகைப் பூவில் 10 அலகு தேன் கிடைக்கும் என்பது அதன் மதிப்பீடு; திடீரென்று அந்தப் பூக்கள் வற்றிவிட்டன. ஆல்ஃபா 0.1 என்றால், ஒரு வெறும் பூவைக் கண்டபின் மதிப்பீடு 9 ஆகும், அடுத்ததில் 8.1, ஏழாவது வெறும் பூவில்தான் அது பாதிக்குக் கீழே இறங்கி 4.8-ஐத் தொடும். ஆல்ஃபா 0.5 என்றால் முதல் பூவிலேயே 5; ஏழாவதில் 0.1-கூட மிஞ்சாது. இரண்டாவது தேனீ வேகமாகக் கற்றது என்று சொல்லலாம். அது வேகமாக மறந்தது என்றும் அதே உரிமையோடு சொல்லலாம். சமன்பாட்டைப் பின்னோக்கி விரித்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும்: இப்போதைய அனுபவத்துக்கு ஆல்ஃபா அளவு எடை, அதற்கு முந்தையதற்கு அதை (1 − ஆல்ஃபா)-ஆல் ஒருமுறை பெருக்கிய எடை, அதற்கும் முந்தையதற்கு இருமுறை பெருக்கிய எடை என்று, கடந்தகாலம் படிப்படியாக மங்கிக்கொண்டே போகிறது. கற்பதற்கு ஒரு திருகும் மறப்பதற்கு வேறொரு திருகும் இந்த மாதிரியில் கிடையாது. இருப்பது ஒன்றே ஒன்று.

அப்படியானால் எந்த ஆல்ஃபா நல்லது? இந்தக் கேள்விக்குத் துல்லியமான விடை இருக்கிறது. அது உயிரியலில் பிறந்ததன்று என்பது இதில் உள்ள சுவை. 1960-இல் பொருளியலாளர் ஜான் மியூத், இப்படிப் பழையதை மங்கவைக்கும் சராசரி எந்தச் சூழலில் ஆகச் சிறந்த முன்கணிப்பாகிறது என்று காட்டினார். அதே ஆண்டில் ருடால்ஃப் கால்மன், பின்னர் அப்பல்லோ விண்கலங்களின் வழிகாட்டலில் பயன்பட்ட தம் வடிகட்டியை, அதாவது பிழை கலந்த அளவீடுகளிலிருந்து உண்மை நிலையைப் பிரித்து மதிப்பிடும் கணக்கு முறையை, வெளியிட்டார். மியூத்தின் சராசரி அதன் மிக எளிய வடிவமாக அமைந்துவிடுகிறது. கிடங்குகளில் அடுத்த மாதத்துக்கு எவ்வளவு சரக்கு வேண்டும் என்று மதிப்பிடவும் இதே சூத்திரம்தான். வாத்துக்கும் விண்கலத்துக்கும் கிடங்குக் கணக்கருக்கும் ஒரே வரிச் சமன்பாடு என்பது எனக்கு இன்னும் வியப்பு தீராத சங்கதி.

விடை இதுதான். உலகில் இரண்டுவகைத் தடுமாற்றங்கள் உண்டு. முதலாவது, பூவில் உள்ள தேனின் உண்மையான சராசரியே மெல்ல மெல்ல இடம் மாறுவது. இரண்டாவது, சராசரி மாறாதபோதும் ஒவ்வொரு முறை கிடைப்பதும் ஏறி இறங்குவது. நல்ல பூவிலும் சற்று முன்பு வேறொரு தேனீ வந்து உறிஞ்சிவிட்டுப் போயிருக்கலாம். இவற்றில் முதலாவதன் மாறுபாட்டை (சராசரியிலிருந்து விலகும் அளவுகளின் வர்க்கங்களின் சராசரியை) இரண்டாவதன் மாறுபாட்டால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். ஆல்ஃபாவின் வர்க்கத்தை (1 − ஆல்ஃபா)-ஆல் வகுத்தால் வருவது அந்த விகிதத்துக்குச் சமமாக இருக்கும்போது மதிப்பீடு உண்மைக்கு ஆக நெருக்கமாக இருக்கும். ஆல்ஃபா 0.5 சிறந்தது என்றால் அந்த விகிதம் 1/2 என்று பொருள், ஆல்ஃபா 0.1 சிறந்தது என்றால் வெறும் 1/90. நிலையான உலகில் வேகமாக மறப்பதற்கான விலையையும் கணக்கிடலாம்: சராசரி மாறவே மாறாத இடத்தில், ஒரு தனி அனுபவத்தின் திட்ட விலக்கம் (மாறுபாட்டின் வர்க்கமூலம்) 1 என்றால், ஆல்ஃபா 0.1 உடைய தேனீயின் மதிப்பீடு 0.23 அளவுக்குத் தள்ளாடும், 0.5 உடையது 0.58 அளவுக்குத் தள்ளாடும். அடுத்தடுத்து இரண்டு பூக்கள் தற்செயலாகக் காலியாக இருந்துவிட்டால், இரண்டாவது தேனீயின் மதிப்பீடு கால் பங்காகச் சரிந்து, நல்ல செடியைக் கைவிட்டுப் போய்விடும்.

மனிதர்கள் இந்தத் திருகைச் சூழலுக்கேற்பத் திருப்புகிறார்களா என்று டிமத்தி பெரன்ஸும் குழுவினரும் 2007-இல் சோதித்தனர். பச்சை, நீலம் என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் எளிய ஆட்டம். ஒரு பகுதியில் நல்ல நிறம் எதுவென்பது மாறாமல் இருந்தது, இன்னொரு பகுதியில் அடிக்கடி தலைகீழானது. அடிக்கடி மாறும் பகுதியில் ஆட்டக்காரர்களின் கற்றல் வீதம் உயர்ந்தது. யாரும் அவர்களுக்கு எந்தச் சூத்திரத்தையும் சொல்லிக்கொடுக்கவில்லை.

உலகம் மிக மெதுவாக மாறினால் கற்கவே தேவையில்லை; மரபணுவில் எழுதிவைத்த நடத்தையே போதும். மிக வேகமாக மாறினாலும் கற்பதில் பயனில்லை. நேற்றுக் கற்றது இன்றைக்கு உதவாது. ஒரு தலைமுறைக்கும் அடுத்ததற்கும் இடையே மாறி, ஒரே வாழ்நாளுக்குள் ஓரளவு நிலைத்திருக்கும் சூழலில்தான் கற்றல் தழைக்கும் என்று டேவிட் ஸ்டீபன்ஸ் 1991-இல் மாதிரி அமைத்துக் காட்டினார். கற்றலுக்கு விலையும் உண்டு. ஃபிரெடெரிக் மெரியும் டாடியுஸ் கவெக்கியும் பழ ஈக்களைப் பல தலைமுறைகளுக்குக் கற்கும் திறனை வைத்தே தெரிவு செய்து வளர்த்தனர். ஈக்கள் முன்னைவிட நன்றாகக் கற்றன. ஆனால் அவற்றின் புழுக்கள், உணவு தட்டுப்பாடான இடத்தில் மற்றப் புழுக்களோடு போட்டியிடும்போது பின்தங்கின.

இதுவரை சொன்னதில் மறதி ஒழுங்கான அடுக்குக்குறிச் சரிவாக இருந்தது: ஒவ்வொரு படியிலும் அதே பங்கு தேய்கிறது. உண்மையான மறதி அப்படி இல்லை என்பது இந்த மாதிரிகளெல்லாம் பிறப்பதற்கு முன்பே தெரியும். ஹெர்மன் எப்பிங்ஹாஸ் தம்மையே சோதனைப் பொருளாக்கி, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, இடைவெளி விட்டு மறுபடி மனப்பாடம் செய்யும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அளந்தார். 1885-இல் அவர் வெளியிட்ட எண்களின்படி, ஏறக்குறைய 20 நிமிடம் கழித்து மிச்சம் 58 சதவீதம். ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. 31 நாள் கழித்தும் 21. இருபதாவது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை தேய்ந்த அதே வேகத்தில் தேய்ந்துகொண்டே போயிருந்தால், ஒரு நாளுக்குள் சொல்லத்தக்க எதுவும் எஞ்சியிருக்காது. ஆனால் மூன்றில் ஒரு பங்கு எஞ்சியது. எப்பிங்ஹாஸே தம் எண்களுக்கு அடுக்குக்குறிச் சூத்திரத்தைப் பொருத்தாமல், நேரத்தின் மடக்கையைக் கொண்டு ஒரு சூத்திரம் எழுதினார். 1897-இல் அடால்ஃப் யோஸ்ட் இதே உண்மையை வேறு விதமாகச் சொன்னார்: இன்றைக்குச் சம வலிமையுள்ள இரு நினைவுகளில் பழையதே இனி மெதுவாகத் தேயும். ஒரே ஆல்ஃபா கொண்ட எந்தச் சமன்பாடும் இதைத் தராது, ஏனென்றால் அதற்கு நினைவின் வயது தெரியாது.

இதற்கு எனக்குத் தெரிந்த மிக அழகான விளக்கம் ஜான் ஆண்டர்சனும் லேயல் ஸ்கூலரும் 1991-இல் கொடுத்தது. அவர்கள் மூளையை விட்டுவிட்டு நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் தலைப்புச் செய்திகளைப் பார்த்தார்கள். ஒரு சொல் கடைசியாகத் தலைப்பில் வந்து எத்தனை நாளாகிறது என்பதை வைத்து, அது நாளைக்கு மறுபடி வருவதற்கான நிகழ்தகவைக் கணக்கிட்டார்கள். நாள் கூடக் கூட அந்த நிகழ்தகவு முதலில் மளமளவென்றும் பிறகு மிக மெதுவாகவும் குறைந்தது. வரைபடத்தில் அது மறதி வளைவின் உருவத்தையே காட்டியது. பெற்றோர் குழந்தையிடம் பேசும் சொற்களிலும், ஒருவருக்கு வரும் மின்னஞ்சல்களை அனுப்பியவர்களின் பட்டியலிலும் அதே உருவம். அப்படியென்றால் நினைவு தேயும் விதம், ஒரு செய்தி மறுபடி தேவைப்படும் வாய்ப்பு குறையும் விதத்தைப் பின்பற்றுகிறது என்று ஆகிறது. மியூத்தின் விடையும் இதே திசையைத்தான் காட்டியது. அங்கே உலகின் ஒரே ஓர் எண் போதுமாயிருந்தது, இங்கே உலகின் முழு வளைவும் வேண்டியிருக்கிறது.

எளிய சமன்பாடு தோற்கும் இன்னோர் இடமும் உண்டு. மணியொலிக்குப் பின் உணவு வராமலே பலமுறை போனால் நாயின் எச்சில் ஊறுவது நின்றுவிடும். சில மணி நேரம் விட்டு மறுபடி ஒலித்தால் திரும்பவும் ஊறும். பாவ்லோவ் கண்ட இந்தத் தானாக மீளல், ரெஸ்கோர்லா–வாக்னர் சமன்பாட்டில் நடக்கவே முடியாது: அங்கே மதிப்பீடு சுழியத்துக்கு வந்துவிட்டால் பழைய கதை அழிந்தது அழிந்ததுதான். இதைச் சரிசெய்ய ஒரு வழி, ஒரே நேரத்தில் வேகமாகக் கற்று வேகமாக மறக்கும் ஒரு கணக்கையும், மெதுவாகக் கற்று மெதுவாக மறக்கும் மற்றொரு கணக்கையும் இணையாக ஓடவிடுவது. மாரிஸ் ஸ்மித், அலி காசிசாதே, ரெசா ஷத்மேர் ஆகியோர் 2006-இல் கை அசைவுகள் பழகும் விதத்துக்கு இப்படி ஒரு மாதிரியைக் கொடுத்தனர். வேகமான கணக்கு மறைந்ததும் அடியில் மிஞ்சியிருக்கும் மெதுவான கணக்கு மேலே தெரிவதுதான் மீளல் என்பது அதன் விளக்கம். பல வேகங்களில் தேயும் சரிவுகளைக் கூட்டினால், கூட்டுத்தொகை முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் தேயும். யோஸ்ட்டின் விதியும் அதிலிருந்தே வந்துவிடுகிறது.

உத்திகளைத் தேர்வதற்கு வரும்போது சிக்கல் ஒரு படி ஏறுகிறது, ஏனென்றால் இப்போது சூழல் என்பது பூவோ தானியமோ அன்று. அதே நேரத்தில் கற்றுக்கொண்டும் இடம் மாறிக்கொண்டும் இருக்கும் மற்ற விலங்குகள். ஒரு வாத்து இடம் மாறினால் அந்தப் பக்கத்தில் தலைக்குக் கிடைப்பது குறைகிறது. 1973-இல் ஜான் மேனார்ட் ஸ்மித்தும் ஜார்ஜ் பிரைஸும் பரிணாம நிலைப்பு உத்தி, அதாவது கூட்டத்தில் பெரும்பாலானவை பின்பற்றும்போது வேறெந்த உத்தியும் நுழைந்து பரவ முடியாத உத்தி, என்ற கருத்தை முன்வைத்தபோது, சமநிலையைத் தேடிக்கொடுக்கும் வேலையைத் தலைமுறைகள்தோறும் இயற்கைத் தேர்வு செய்யும் என்று வைத்துக்கொண்டார்கள். வாத்துகளுக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. கால்வின் ஹார்லி 1981-இல் இதற்கு ஒரு விதியை எழுதினார். ஒவ்வொரு நடத்தைக்கும் அது இதுவரை ஈட்டிக்கொடுத்ததன் கூட்டுத்தொகையை வைத்துக்கொள்; பழைய வருவாயை ஒவ்வொரு படியிலும் ஒன்றுக்குக் குறைவான ஒரு நினைவுக் காரணியால் பெருக்கித் தேயவிடு; எதுவுமே ஈட்டாத நடத்தைக்கும் ஒரு சிறு அடிப்படைத் தொகையை விட்டுவை; பிறகு அந்தத் தொகைகளின் விகிதத்தில் நடத்தைகளைத் தேர்ந்தெடு. அந்தச் சிறு அடிப்படைத் தொகைதான், கைவிட்ட இடத்தை விலங்கு எப்போதாவது மறுபடி எட்டிப்பார்க்க வைக்கிறது. நினைவுக் காரணி ஒன்றாக இருந்துவிட்டால், அதாவது விலங்கு எதையுமே மறக்காவிட்டால், பழைய வருவாய் மலைபோலக் குவிந்து, புதிய செய்தி எதுவும் அதை அசைக்காது. இந்த விதி எல்லா ஆட்டத்திலும் சமநிலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று ஹார்லி கோரியது மிகை என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். ஆனாலும் கற்றல், மறத்தல், தேர்தல் ஆகிய மூன்றையும் ஒரே வரியில் சேர்த்ததில் அதற்கு முன் அவ்வளவு சுருக்கமான முயற்சியை நான் பார்த்ததில்லை.

ஹார்லியின் விதியில் இல்லாதது ஒன்று உண்டு: பிறரைப் பார்த்துக் கற்பது. ஒரு துண்டும் கிடைக்காத வாத்து எப்படிச் சரியான பக்கம் நின்றது என்பதற்கு, துண்டு விழுவதையும் மற்ற வாத்துகளையும் அது பார்த்திருக்க வேண்டும் என்ற விடைதான் பொருந்துகிறது. பார்த்துச் செய்வது மலிவானது. ஆனால் எல்லோரும் பார்த்தே செய்தால் புதிதாகக் கண்டுபிடிக்க ஆளில்லை, பார்த்தது பழைய செய்தியாகவும் இருக்கலாம். 1988-இல் ஆலன் ரோஜர்ஸ் எழுதிய மாதிரியில், பார்த்துச் செய்வோர் பெருகி நிலைபெற்ற பின்னும் கூட்டத்தின் சராசரி நலம் கொஞ்சமும் உயரவில்லை. இந்த முரணைச் சோதிக்க லூக் ரெண்டெல், கெவின் லாலண்ட் முதலியோர் ஒரு கணினிப் போட்டியே நடத்தி, முடிவை 2010-இல் வெளியிட்டனர். பரிசு 10,000 யூரோ. வந்த உத்திகள் 104. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் உயிரி புதிதாக ஒன்றை முயன்று பார்க்கலாம், பிறர் செய்வதைக் கவனிக்கலாம், அல்லது தெரிந்ததைச் செய்து பலனைப் பெறலாம். பலன்களோ அவ்வப்போது மாறிக்கொண்டே இருக்கும். டேனியல் கௌண்டன், டிமத்தி லில்லிகிராப் என்ற இரண்டு மாணவர்கள் அனுப்பிய உத்தி வென்றது. அது புதிதாக முயல்வதை ஏறக்குறைய முற்றிலும் தவிர்த்து, கற்க வேண்டிய நேரத்தில் பிறரையே கவனித்தது. கவனித்து அறிந்த ஒவ்வொரு செய்திக்கும் அதன் வயதைக் குறித்துவைத்து, உலகம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று மதிப்பிட்டு, அதற்கேற்பப் பழைய செய்தியின் மதிப்பைக் கழித்துக்கொண்டே வந்தது. பிறர் செய்வதென்பது அவர்களுக்குத் தெரிந்தவற்றில் நல்லதாகவே இருக்கும் என்பதால் பார்த்துக் கற்பது பலித்தது. அது பழையதாகிவிடும் ஆபத்தை வயதுக் கணக்கு ஈடுகட்டியது.

இவையெல்லாம் காகிதத்திலும் கணினியிலும் உள்ள மறதி. உடலுக்குள் இப்படியொரு திருகு இருக்கிறதா என்ற கேள்விக்குப் பழ ஈக்களிடமிருந்து ஒரு விடை வந்தது. ஈயின் மூளையில் ராக் என்னும் புரதத்தின் செயலைத் தடுத்தால், சில மணி நேரத்தில் தேய வேண்டிய வாசனை நினைவு ஒரு நாளுக்கும் மேல் நிற்கிறது. அதன் செயலைக் கூட்டினால் நினைவு விரைவில் தேய்கிறது என்று யீ சோங் குழுவினர் 2010-இல் காட்டினர். மறதி வெறும் கசிவாக நிகழ்வதன்று. ஈயின் மூளை வேலை செய்தே மறக்கிறது. ராக் தடுக்கப்பட்ட ஈக்களுக்கு முதலில் ஒரு வாசனையோடு மின்னதிர்ச்சியைச் சேர்த்துப் பழக்கிவிட்டு, பிறகு அதிர்ச்சியை மற்ற வாசனைக்கு மாற்றிக் கொடுத்தால், அவை பழையதை விட முடியாமல் புதியதைக் கற்கத் திணறுகின்றன. ஆல்ஃபாவைக் குறைத்தால் சமன்பாட்டில் என்ன நடக்குமோ, அதுவே இங்கும் நடக்கிறது. ராக்தான் ஆல்ஃபா என்று சொல்லிவிட முடியாது. ஒரு சிறு தடத்தின் ஒரு கண்ணி அது, அவ்வளவே. பெரன்ஸின் ஆட்டக்காரர்கள் செய்ததைப்போல, அடிக்கடி மாறும் உலகில் வளர்ந்த ஈ தன் ராக் செயலைத் தானே கூட்டிக்கொள்கிறதா என்பதுதான் எனக்கு அடுத்ததாகப் படிக்கக் கிடைக்க வேண்டிய கட்டுரை.